முரோதாவின் மனதைப் படிக்கிறவர்

முரோதா தும்முவதற்கு முன்பே உகாய் கைக்குட்டையை நீட்டிவிடுவார். மூக்கு லேசாகச் சுருங்கும், இடது கண் பாதி மூடும். உகாய்க்கு அவ்வளவு போதும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அணி டாக்டருக்கே தெரியாத தும்மல் அது. முரோதா முழங்காலைத் தட்டினால் வலது பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், பின்னால் வர வேண்டும். தொண்டையைச் செருமினால் நடுக்களத்தில் எவனோ தூங்குகிறான். கழுத்துத் துண்டை எடுத்து நான்காக மடித்தால் இன்றைய ஆட்டம் போய்விட்டது. ஒவ்வொன்றையும் உகாய் கோட்டருகே ஓடிப் போய்க் குரலாக மாற்றிக் கத்துவார். முரோதா வாயைத் திறக்க வேண்டிய தேவையே இருக்காது.

நாகியுரா எஃப்.சி. என்ற கால்பந்து கிளப்பின் பெஞ்சில் இந்த இருவரும் பதினான்கு வருஷமாக அடுத்தடுத்து உட்காருகிறார்கள். முரோதா பயிற்சியாளர், ஊரில் கடல் பார்த்த சாலைக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. ஆட்டக்காரர் முதல் கிளப் தலைவர் வரை எல்லோருக்கும் அவர் ‘கந்தோகு’தான்; தலைமைப் பயிற்சியாளரை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். உகாய் உதவிப் பயிற்சியாளர். அவர் பெயரில் சந்துகூட இல்லை. ஐம்பத்தாறு வயது, சின்ன உருவம், இரண்டு அளவு பெரிய மழைக்கோட்டு. சோற்று உருண்டையை அடியிலிருந்து கடித்துத் தின்பார். கேட்டால், நுனியில்தான் உப்பு அதிகம், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பார். கோட்டுப் பையில் எப்போதும் வட்டக் காந்தங்கள் கிடக்கும். வீட்டுக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்தால் ஒட்டிக்கொள்வார். நொபுவே என்கிற அவர் மனைவி வந்து பிரித்துவிடுவாள்.

“சொல்லித்தான் தெரியணுமா?” என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். யாராவது கந்தோகு என்ன சொன்னார் என்று கேட்டால் உகாய் இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். கொஞ்சம் பெருமையும் அதில் இருக்கும். மறைக்கமாட்டார்.

கணவாய் மீன் பிடிக்கிற ஊர் நாகியுரா. குளிர்காலத்தில் துணிக்கு நடுவே கணவாயும் கொடியில் காயும். ரயில் நிலையத்தில் இரண்டு பெட்டி ரயில் நிற்கும். இப்படியொரு ஊருக்கு முதல் டிவிஷன் கிளப் எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. முரோதா வந்ததால் வந்தது. கீழ் டிவிஷனில் கிடந்த அணியை மூன்றே வருஷத்தில் மேலே கொண்டுவந்தார். ஏழாவது வருஷம் பதினெட்டு அணிகளில் மூன்றாவது இடம். மீன் ஏலக்கூடத்தில் அன்று ஏலமே நடக்கவில்லை; வாங்குகிறவன் விற்கிறவன் எல்லோரும் சேர்ந்து குடித்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் ஒன்பதாவது இடம். பிறகு பதினொன்று. பிறகு பதிமூன்று, பதிமூன்று, பதினான்கு, பதினைந்து. திடீர் வீழ்ச்சி இல்லை. குளியல் தொட்டி ஓட்டையில் தண்ணீர் இறங்குவதுபோல, பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது, திரும்பி வந்து பார்த்தால் குறைந்திருக்கும்.

ஏன் என்ற கேள்விக்கு ஊரில் ஆளுக்கொரு பதில் இருந்தது. துறைமுகத்தில் புது அலைச்சுவர் கட்டியதிலிருந்து மைதானத்தில் காற்று திசை மாறிவிட்டது என்பது முடிதிருத்துபவரின் கட்சி. ஆட்டக்காரர்களுக்கு இப்போது சாப்பாடு அதிகம் என்பது பள்ளி ஆசிரியரின் கட்சி. பெரிய ஊர்க் கிளப்புகள் நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன என்றார்கள் சிலர். அது உண்மைதான், ஆனால் மூன்றாவது இடம் வந்த வருஷமும் அள்ளிக்கொண்டுதான் போனார்கள். உகாய் எல்லாவற்றையும் ஆர்வமாகக் கேட்பார். தலையாட்டுவார். அலைச்சுவர்க் கதையைச் சரிபார்க்க ஒருநாள் கொடிக்கம்பத்தில் நாடா கட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்று பழைய பக்கமே அடித்தது.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. அணிப் பட்டியல் வெளியாவதற்கு முன்பே அதை எழுதிவிடுவார்கள். சனிக்கிழமை ஆட்டத்தின் பதினொரு பெயரை புதன்கிழமையே எழுதி வைத்துவிட்டு மீன் பிடிக்கப் போகலாம். மாறாது. எதிரணிகளும் இப்படியே எழுதி வைத்துக்கொண்டன என்பதுதான் வேடிக்கையில் வேடிக்கை இல்லாத பகுதி.

அணி தேர்வாகிற விதம் இது. உடைமாற்றும் அறையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் மைதானம் வரைந்திருக்கும். ஒவ்வொரு காந்தத்திலும் ஒரு ஆட்டக்காரரின் பெயர். முரோதா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உகாய் வந்து, பலகைக்கு எதிரே நின்று, கண்ணை மூடி, முரோதா யாரையெல்லாம் விரும்புவார் என்று யோசித்து, பதினொரு காந்தங்களை ஒட்டிவிடுவார். முரோதா இரண்டு டப்பா சூடான காபியோடு வருவார். ஒன்றை உகாயிடம் கொடுப்பார். பலகையைப் பார்ப்பார்.

“ம்… நல்லது.”

அவ்வளவுதான். ஒரு காந்தம்கூட இடம் மாறாது. ஏழு வருஷமாக மாறவில்லை. “பாத்தியா, அவர் மனசுல இருக்கறத அப்படியே ஒட்டியிருக்கேன்,” என்று உகாய் வீட்டில் வந்து சொல்வார்.

“என் மனசுல என்ன இருக்குன்னு ஒரு நாளாவது ஒட்டியிருக்கீங்களா?” என்பாள் நொபுவே.

முன்பு இப்படி இல்லை. முதல் ஏழு வருஷம் அந்தச் சின்ன அறையிலிருந்து வந்த சத்தத்தில் துணி துவைக்கிறவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம். முரோதா ஒரு காந்தத்தை இடது பக்கம் வைப்பார். உகாய் அதைப் பிடுங்கி வலது பக்கம் வைப்பார். “உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?” என்பது முரோதாவின் குரல். “கண்ணு இருக்கறதாலதான் சொல்றேன்!” என்பது உகாயின் குரல். ஒரு முறை முரோதா ஒரு காந்தத்தை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார். அந்தப் பெயருக்குரிய ஆட்டக்காரர் கீழே நின்று பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார், தலையில் விழுந்தது. அன்று அவரே இரண்டு கோல் போட்டார்.

மூன்றாவது இடம் வந்த அந்த வருஷத்தின் கோப்பை அரையிறுதி. உகாய் பலகையை ஓங்கிக் குத்தி, முன்வரிசையில் ஒரு புது ஆளைப் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். முரோதா முணுமுணுத்துக்கொண்டே இணங்கினார். அந்தப் புது ஆள் காலியான கோல் வாசலுக்கு எதிரே நின்று பந்தை மேலே அடித்தான். நாகியுரா தோற்றது. மறுநாள் காலை உகாய் தலையை மழித்துக்கொண்டு பயிற்சிக்கு வந்து முரோதாவின் முன் குனிந்து நின்றார். வாயால் கேட்கிற மன்னிப்பு போதாது என்று தோன்றும்போது அங்கே ஆண்கள் செய்வது இது. முரோதா அந்தத் தலையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் மைதானத்துக்குப் போய்விட்டார்.

எவ்வளவு கோபம் இருந்தால் ஒரு மனிதர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போவார் என்று உகாய் நினைத்தார். இனிமேல் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை என்று அன்றே முடிவு செய்தார். மறு வாரம் முதல் முன்னதாக வந்து காந்தங்களை ஒட்ட ஆரம்பித்தார்.

*

இந்த வருஷம் பதினாறாவது இடம். கடைசி மூன்று அணிகள் கீழே இறங்க வேண்டும். ஒரே ஒரு ஆட்டம் பாக்கி, அதுவும் சொந்த மைதானத்தில். வென்றால் தப்பலாம். இறங்கினால் முரோதா போய்விடுவார் என்று ஊருக்கே தெரியும். யாரும் போகச் சொல்லமாட்டார்கள், அவராகவே போவார். பிறகு உகாய் யாருடைய தும்மலுக்குக் காத்திருப்பது?

நாகியுராவின் ரசிகர்கள் தோற்றாலும் கைதட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அணி வரிசையாக வந்து குனியும்போது, “அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று குரல் கொடுப்பார்கள். வெளியூர் ரசிகர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஒலிபெருக்கியோடு முன்வரிசையில் நின்று பாட்டுப் பிடித்துக் கொடுக்கிற கொமாகி மட்டும் விதிவிலக்கு. அவளுக்கு மீன் சந்தையில் கடை. உகாய் வாரம் ஒரு முறை அங்கே போவார், திட்டு வாங்கிக்கொண்டு வருவார்.

“வாங்க உகாய்ண்ணே! இந்த வாரமும் அதே பதினொண்ணுதானா, இல்ல கடவுள் கனவுல வந்து பன்னண்டாவது பேரு சொன்னாரா?”

“கந்தோகு மனசுல இருக்கறதுதான் வரும்.”

“அவர் மனசுல இன்னுமா இகுமா ஓடிக்கிட்டிருக்கான்? என் கடை நண்டு அவனைவிட வேகமா ஓடுது. அதுக்கு ரெண்டு பக்கமும் ஓடத் தெரியும்.”

“இகுமா நம்ம ஊருக்கு எத்தனை கோல் போட்டிருக்கான், மறந்துட்டியா?”

“மறக்கலையே. அவன் கல்யாணத்துக்கு மீன் குடுத்ததே நான்தான். அதுக்காக இப்பவும் அவனே ஓடணுமா? பாவம்ண்ணே, மூச்சு வாங்கறது முன்வரிசையில நிக்கற எனக்கே கேக்குது.” கணவாயைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். “கந்தோகுகிட்ட நீங்களாவது சொல்லலாம்ல?”

“சொல்லித்தான் தெரியணுமா அவருக்கு?” என்றார் உகாய்.

இகுமா அணித் தலைவர். முப்பத்தாறு வயது. பலகையில் முதல் காந்தம் அவருடையது; பெயர் தேய்ந்து போய் இரண்டு முறை எழுதியாயிற்று. கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம், பயிற்சி முடிந்து எல்லோரும் பொதுக் குளியல் கூடத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் இகுமா பெரிய தொட்டியில் உட்கார்ந்திருந்தார், தலையில் நனைந்த துண்டு. உகாய் எதிரே கழுத்து வரை மூழ்கிக் கண்ணை மூடியிருந்தார்.

“உகாய்-சான், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க.”

“வெந்நியில உக்காந்துக்கிட்டு யாரு கோவிச்சுப்பா? கேளு.”

“கடைசி ஆட்டத்துல என்னை பெஞ்சுல உக்கார வைங்க.”

உகாய் கண்ணைத் திறந்தார்.

“முட்டி ரெண்டும் பேச்சு கேக்கல. மூணு மாசமா இப்படித்தான். பந்து வர்ற இடம் தெரியுது, காலு போகமாட்டேங்குது. ஊரே கீழ எறங்கப் போகுது, நான் நடுவுல நின்னு வழியை மறைச்சிக்கிட்டிருக்கேன்.”

“இதை எங்கிட்ட ஏன் சொல்ற? கந்தோகுகிட்டல்ல சொல்லணும். அவருக்கு நீ வேணும்.”

“சொன்னேன். நேத்து சொன்னேன்.” இகுமா துண்டை எடுத்துப் பிழிந்தார். “அவரு சொல்றாரு, ‘டீம் போடறது உகாய். அவன் உன் மேல வெச்சிருக்கற நம்பிக்கையில நான் எப்படிக் கை வைக்கிறது’ன்னு.”

உகாய் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். தண்ணீர் சூடாக இருந்தது. அதற்கு மேல் எதுவும் நினைக்க வராததுபோல முகவாய் வரை இறங்கி உட்கார்ந்துகொண்டார்.

“நானா போடறேன்?” என்றார்.

“பின்ன யாரு?” என்றார் இகுமா. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

ஒன்றைச் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை உகாய். கொடிக்கம்பத்தில் நாடா கட்டிப் பார்த்தவர். மறுநாள் பயிற்சி ஆட்டத்துக்கான பலகையில் பத்துப் பெயர்களை வழக்கம்போல ஒட்டினார். இகுமாவின் இடத்தில், முன்வரிசை நடுவில், இரண்டாவது கோல்கீப்பரின் காந்தத்தை ஒட்டினார். எந்தப் பயிற்சியாளரும் பார்த்த உடனே பிடுங்கி எறிய வேண்டிய காந்தம். ஆறடி நாலங்குல உயரம், பத்து வருஷமாகக் கையால் மட்டுமே பந்தைத் தொட்ட ஆள்.

முரோதா காபியோடு வந்தார். பலகையைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது, இறங்கியது. டப்பாவைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மறுபடி பார்த்தார்.

“ம்…” என்றார். இந்த முறை ‘ம்’ கொஞ்சம் நீளம். “நல்லது.”

அவர் வெளியே போனதும் உகாய் நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் இரண்டாவது கோல்கீப்பர் கையுறையோடு ஓடி வந்து வாசலில் நின்றார்.

“உகாய்-சான், நான் என்ன தப்பு பண்ணேன்? கந்தோகு என்கிட்ட வந்து, தலையால முட்டி கோல் போட வருமான்னு ரொம்ப அன்பா கேக்கறாரு.”

“ஒரு தப்பும் பண்ணல. போ, போய் கோல்ல நில்லு.”

“பயமா இருக்கு.”

“எனக்கும்தான்,” என்றார் உகாய்.

அன்று வீட்டில் அவர் சாப்பிட்ட விதத்தைப் பார்த்தே நொபுவேக்குத் தெரிந்துவிட்டது. சோற்று உருண்டையை மேலிருந்து கடித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டாள். சொன்னார். அவள் முள்ளங்கியை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப ஏழு வருஷமா டீமை யார்தான் போட்டீங்க?”

“யாரும் போடல.”

“அதான் தோத்துக்கிட்டிருக்கீங்களா?” அவள் சிரிக்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. “உங்க தலையை மழிச்சு விட்டது நான்தானே. அன்னிக்கே சொன்னேன், வேண்டாம், அவர் நல்ல மனுஷன், பயந்துடுவாருன்னு. கேட்டீங்களா?”

“எப்படிச் சொல்றது அவருகிட்ட? ‘ஏழு வருஷமா நீங்க ஒண்ணுமே பண்ணல’ன்னா? அந்த மனுஷன் பேர்ல ரோடு இருக்கு.”

“நீங்களும்தானே ஒண்ணும் பண்ணல.”

“எனக்கு ரோடு இல்லையே.”

“அப்படீன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்? சொல்லிடுங்க.”

சொல்வது அவருக்கு வரவில்லை. மூன்று நாள் ஒத்திகை பார்த்தார். பல் தேய்க்கும்போதும், மைதானத்தில் கூம்புகளை அடுக்கும்போதும் உதடு அசைந்தது. ‘கந்தோகு, ஒரு சின்ன விஷயம்’ என்ற இடத்திலேயே வாக்கியம் நின்றது. சொன்னால், தனக்கு மிகவும் வேண்டிய ஒருவரை அவர் முகத்துக்கு நேரே வெறும் ஆளாக்க வேண்டும். சொல்லாவிட்டால், அதே பதினொருவர் இறங்குவார்கள், இகுமா நடுவில் நிற்பார், கிளப் கீழே போகும்.

கடைசி ஆட்டத்தன்று காலையில் வழக்கம்போல முன்னதாக வந்தார். காந்தங்கள் முழுவதையும் டப்பாவில் போட்டு மூடினார். பலகையைத் துடைத்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முரோதா உள்ளே வந்து ஒரு டப்பா காபியை நீட்டினார். பலகையைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது.

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“காந்தம் காணாமப் போச்சா?”

“டப்பாவுல இருக்கு, கந்தோகு.”

முரோதா மெல்ல உட்கார்ந்தார். பெரிய உடம்பு, நாற்காலி முனகியது. “வேலையை விடப் போறியா உகாய்? நான் ஏதாவது மனசு நோகற மாதிரி பண்ணிட்டனா?”

“இல்ல. இன்னிக்கு நீங்க வைங்க.”

“நான் வெச்சா உனக்கு வருத்தமா இருக்குமே.”

“எனக்கு எதுக்கு வருத்தம்? உங்க டீம்.”

“என் டீமா?” முரோதா காபியைக் கீழே வைத்தார். “உன் டீம்னு இல்ல நெனச்சிக்கிட்டிருக்கேன்.”

வெளியே யாரோ பூட்ஸிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த மொட்டைத் தலையோட நீ வந்து நின்னப்ப,” என்றார் முரோதா, “நான் பயந்துட்டேன். ஒரு மனுஷனை இந்த நிலைக்குக் கொண்டுவந்துட்டமேன்னு. அழுகை வந்துடும்னுதான் திரும்பிப் போனேன். இனிமே இவன் வெக்கிற காந்தத்துல கை வெக்கறதில்லைன்னு அன்னிக்கே நெனச்சிட்டேன். இவன் ஆசைப்பட்டபடியே இருக்கட்டும்னு.”

“நான் ஆசைப்பட்டதா? நீங்க ஆசைப்படறத இல்ல நான் வெச்சேன்?”

“நானா? என் மனசுல இருந்த டீமே வேறய்யா! அந்த கிதோ, மூணு வருஷம் பெஞ்சுல உக்காந்திருந்தானே, அவனை எறக்கணும் எறக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? உனக்கு அவனைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்.”

“எனக்கா பிடிக்கல? அவன்னா எனக்கு உசுரு! உங்களுக்குப் பிடிக்கலைன்னு இல்ல நெனச்சேன்!”

கிதோ இப்போது ஒசாகா பக்கம் ஒரு கிளப்பில் இருக்கிறார். இந்த வருஷம் அவர் போட்ட கோல்களை இருவருமே தனித்தனியாகத் தொலைக்காட்சியில் பார்த்துத் தனித்தனியாகக் கைதட்டியிருந்தார்கள்.

முரோதா எழுந்து டப்பாவைத் திறந்தார். விரல்கள் பழக்கம் விட்டுப் போய் இரண்டு காந்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தார். கோல்கீப்பர். பின்வரிசை நால்வர். இடது பக்கத்தில் ஹொசோயா என்ற பெயர். இருபது வயதுக்காரர், வேகமானவர், இதுவரை முதல் பதினொன்றில் வராதவர். முன்வரிசை நடுவில் இகுமாவின் காந்தத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு, திரும்ப டப்பாவில் போட்டார்.

“ம்… நல்லது,” என்றார் உகாய். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முரோதா பலகையில் ஓங்கி அறைந்தார். மூன்று காந்தங்கள் தரையில் உருண்டன.

“அந்த வார்த்தையைச் சொன்ன, கொன்னுடுவேன்! இடது பக்கம் ஹொசோயா சரியா, தப்பா? அதைச் சொல்லு!”

“தப்பு!” என்று கத்தினார் உகாய். ஏழு வருஷத் தூசி போகத் தொண்டை கரகரத்தது. “அவனை ஆரம்பத்துலயே விட்டா எதிராளி பழகிடுவான். கடைசி அரை மணிக்கு வெச்சிக்குங்க. கண்ணு இருக்கா இல்லையா உங்களுக்கு?”

உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய ஆட்களில் மிச்சமிருந்தவர் இகுமா ஒருவர்தான். பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர், குனிந்தபடியே சிரித்தார்.

அன்று வெளியான பதினொரு பெயரில் நான்கு புதிது. இகுமாவும் ஹொசோயாவும் பெஞ்சில். பத்திரிகைக்காரர்கள் எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு எழுத வேண்டியிருந்தது. எதிரணியின் பெஞ்சில் இருந்தவர்கள் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கொமாகி ஒலிபெருக்கியை இறக்கிவைத்துவிட்டு, “எவனோ கோட்டை விட்டுட்டான், பேரை மாத்தி அச்சடிச்சிருக்கான்,” என்றாள்.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. ஒன்றுக்கு ஒன்று சமன். சமன் போதாது. நாகியுரா அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷனில் ஆடும். ஒரு காலைப் பொழுதில் போட்ட அணி ஏழு வருஷத்தைத் திருப்பிவிடாது. ஆனாலும் அந்தக் கடைசி ஆட்டத்தில் நாகியுரா, சமீபத்தில் யாரும் பார்க்காத விதமாக ஓடியது. முதல் பாதியில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் ஒரு தவறான பாஸில் வாங்கிக்கொண்டது. அதன்பிறகும் பின்வாங்கவில்லை.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது அரங்கத்தில் இகுமாவின் பாட்டு ஆரம்பித்தது. கொமாகிதான் எடுத்துக் கொடுத்தாள்; நண்டு ஒப்பீடெல்லாம் மறந்து போய்க் கண்ணீரோடு பாடினாள். முழு அரங்கமும் சேர்ந்துகொண்டது. இத்தனை வருஷம் ஊருக்காக ஓடியவரை, ஊர் கீழே போகிற நேரத்தில் பெஞ்சில் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. முரோதா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். முழங்காலைத் தட்டவில்லை, செருமவில்லை. அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று உகாயும் பார்க்கவில்லை. உகாய் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இகுமா,” என்றார் முரோதா. “கோட்டைக் கழட்டு.”

இகுமா எழுந்தார். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் கோட்டின் பொத்தானைத் தொட்டார்.

“வேண்டாம்,” என்றார் உகாய். “அவனால முடியாது. அவனே சொல்லிட்டான். ஹொசோயாவை விடுங்க. அவங்க வலது பேக் ஓடி ஓடிச் செத்துப் போயிருக்கான், பாருங்க.”

“கூட்டம் கேக்குதுய்யா.”

“கூட்டமா டீம் போடுது?”

“நான் போடறேன்! நீதானே என்னைப் போடச் சொன்ன?”

“போடுங்க. தப்பாப் போடாதீங்க.”

முரோதா எழுந்து நான்காவது நடுவரை நோக்கி நடந்தார், சைகை காட்டக் கையைத் தூக்கியபடி. மாற்று எண் பலகையைப் பிடித்திருந்த நடுவர், எந்த எண்ணைப் போடுவது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெஞ்சுக்குப் பின்வரிசையில் சுட்ட கணவாய் தின்றுகொண்டிருந்த கிழவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். உகாய் இரண்டே எட்டில் போய், அந்தத் தூக்கிய கையின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே கொத்தாகப் பிடித்தார். முரோதா உதறினார். மறுபடி தன் கையைப் பலமாக இழுத்துக்கொண்டார். தோள்பட்டையில் தையல் படபடவென்று விட்டு, உள்ளே இருந்த வெள்ளைத் துணி வெளியே தெரிந்தது. உகாய் பிடியை விடவில்லை.